தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து டயட்டீஷியன் ஆக: பிளஸ் ஒன் குரூப்பிலிருந்து முதல் வேலை வரை

தருமபுரியில் மருத்துவமனை டயட்டீஷியனாக இருக்கிறேன். நோயாளிக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு என்று கணக்கு போட்டுச் சொல்லும் வேலை. சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். வருடாவருடம் இன்டர்ன்ஷிப்புக்கு வரும் பிள்ளைகளை என்னோடு வார்டுக்குக் கூட்டிப் போகிறேன். பாதிப் பேர் ஒரே இடங்களில்தான் தடுக்கி நிற்கிறார்கள். அவர்கள் படிக்காதவர்கள் இல்லை. எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்தாவது முடித்த பிள்ளைக்கும் இறுதியாண்டில் இருப்பவருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். உங்கள் நிலைக்கு ஏற்ற எண்ணிலிருந்து தொடங்கலாம். ஆனால் 6, 7, 8 மூன்றையும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

1. முதலில் வேலையை முடிவு செய்யுங்கள், பட்டத்தைப் பிறகு

பெரும்பாலோர் கல்லூரியைப் பார்த்துவிட்டு, அங்கே என்ன கோர்ஸ் இருக்கிறதோ அதில் சேர்கிறார்கள். மூன்று வருடம் கழித்துத்தான் அந்தப் பட்டம் எந்தக் கதவைத் திறக்கும், எதைத் திறக்காது என்பது தெரிகிறது. பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்.

மருத்துவமனை வார்டில் வேலை பார்க்க ஆசையா? அப்படியானால் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் அல்லது கிளினிக்கல் நியூட்ரிஷன் பட்டம், அதன்மேல் எம்.எஸ்சி. அல்லது பி.ஜி. டிப்ளமோ, அதற்கு மேல் மருத்துவமனை இன்டர்ன்ஷிப். அங்கன்வாடி, குழந்தை வளர்ச்சித் திட்டம் பக்கம் போக ஆசை என்றால் ஊட்டச்சத்து, மனையியல் இரண்டுமே உதவும். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும்போது இந்தப் பட்டங்களைக் கேட்பார்கள். மாம்பழக்கூழ் ஆலை, உணவுப் பொருள் கம்பெனி என்றால் ஃபுட் டெக்னாலஜி அல்லது ஃபுட் சயின்ஸ். கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் எம்.எஸ்சி.க்குப் பிறகு நெட் அல்லது செட் தேர்வு. நெட்டில் நம் பாடம் ஹோம் சயின்ஸ் என்ற தலைப்பின் கீழ் வரும்.

ஓசூர் பக்கத்துப் பிள்ளைகள் கவனிக்காத ஒரு வழியும் இருக்கிறது. ஆட்கள் நிறைய வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் நடத்தச் சொல்லி அரசு உத்தரவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஓசூரைச் சுற்றி அப்படிப்பட்ட ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. ஷிஃப்ட் கணக்கில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் இடத்தில் மெனு போடவும், சுத்தம் பார்க்கவும், செலவுக் கணக்கு வைக்கவும் ஆள் தேவை. ஃபுட் சர்வீஸ் மேனேஜ்மென்ட் பாடத்தை ஒழுங்காகப் படித்தவருக்கு அங்கே இடம் கிடைக்கும்.

2. பிளஸ் ஒன்னில் உயிரியல் இருக்கும் குரூப்

இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்கும் குரூப்தான் பாதுகாப்பு. மனையியல், தொழிற்கல்வி குரூப் மாணவர்களையும் சில கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் 2021ஆம் வருடத்து அலைடு அண்ட் ஹெல்த்கேர் ப்ரொஃபஷன்ஸ் தேசிய ஆணையச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை மாறி வருகிறது. டயட்டீஷியனும் நியூட்ரிஷனிஸ்ட்டும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார்கள். வரும் நாளில் பதிவு, பாடத்திட்டம், தகுதி எல்லாம் அதன் கீழ்தான் போகும். உயிரியல் படிக்காமல் இன்றைக்குக் கிடைக்கும் சீட், நாளைக்குப் பதிவு செய்யும்போது இடிக்கலாம்.

வேதியியல் பிடிக்காது என்பதற்காக இந்தப் படிப்புக்கு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சமையல்தானே என்று நினைத்து வருகிறார்கள். முதல் வருடத்திலேயே உயிர்வேதியியல் காத்திருக்கிறது. வேதியியலை விட்டு ஓட இது இடமில்லை.

3. கல்லூரியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அரசுக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பம். பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டியே அதைத் திறந்துவிடுவார்கள். மார்க் ஷீட், சாதிச் சான்று, மாற்றுச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முன்கூட்டியே வைத்திருங்கள். சாதிச் சான்றில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததற்காக ஒரு வாரம் தாலுகா ஆபீசுக்கு நடந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

உள்ளூரில் இந்தப் பாடம் கிடைக்கவில்லை என்றால் சேலம். தருமபுரியிலிருந்து பஸ்ஸில் தினமும் போய்வரும் தூரம்தான். வெளியில் தங்கிப் படிக்க முடிந்தால் கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் இருக்கிறது, பெண்களுக்கு மட்டும். மதுரையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரியில் உணவு, ஊட்டச்சத்து, டயட்டெடிக்ஸ் பட்டம் 4 வருடம். அதற்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் கவுன்சிலிங்கில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கலைக் கல்லூரி விண்ணப்பத்தோடு அது வராது. இது தெரியாமல் தேதியைத் தவறவிடுபவர்கள் அதிகம்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சேரும் முன் நேரில் போய் நான்கு கேள்வி கேளுங்கள். சமையல் லேப் தனியாக இருக்கிறதா, அதில் எடை மெஷின் வேலை செய்கிறதா? உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் லேப் யாருடையது, இரவலா? எந்த மருத்துவமனையோடு இன்டர்ன்ஷிப்புக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது? பாடத்திட்டம் தேசிய ஆணையத்தின் பாடத்திட்டத்தை ஒட்டி இருக்கிறதா? நான்காவது கேள்விக்கு "அதெல்லாம் பிரச்சனை இல்லைம்மா" என்று பதில் வந்தால் விடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ இந்தப் பட்டத்தை வாங்க நினைக்காதீர்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து கிளினிக்கல் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ், ஃபுட் அண்ட் நியூட்ரிஷன் சயின்ஸ் போன்ற பாடங்களைத் தொலைநிலை, ஆன்லைன் வழிகளில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் யாராவது சீட் இருக்கிறது என்று போன் செய்தால் பணம் கட்டாதீர்கள். ஆறு வாரச் சான்றிதழ் கோர்ஸ் எதுவும் உங்களை டயட்டீஷியன் ஆக்காது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் ரூ.1,000. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பஸ் செலவுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அந்தப் பணம் போதும்.

4. வகுப்பு தொடங்கும் முன் வாங்க வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு. நீட்டினால் தொய்யாத அளவு டேப். 200 மில்லி அளவுக் கோப்பை. கோடு போட்ட தடி நோட்டு ஒன்று. இவை போதும். டயட் கணக்கு போடும் மொபைல் ஆப்பை முதல் வருடம் தொடவே வேண்டாம். கையால் கணக்கு போட்டுப் பழகாதவருக்கு, ஆப் தப்பான எண் காட்டும்போது அது தப்பு என்றே தெரியாது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையும் வேண்டும். 528 உணவுகளின் சத்து அளவு அதில் இருக்கிறது. கூடவே அதே நிறுவனம் 2020இல் தந்த தினசரித் தேவை அளவுகள். இந்த இரண்டும்தான் நம் தொழிலின் படிக்கல். பழைய அட்டவணையிலிருந்து காப்பி அடித்த எண்கள் சீனியர் நோட்டுகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வாங்கும்போது வருடத்தைப் பாருங்கள்.

5. முதல் வருடம்: ஆங்கிலத்துக்குப் பயப்படாமல் உயிர்வேதியியல்

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். பாடம் கஷ்டமில்லை, சொற்கள்தான் புதிது. நோட்டை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் பாடப்புத்தகச் சொல், இரண்டாவதில் அதன் தமிழ், மூன்றாவதில் நோயாளி அதை எப்படிச் சொல்வார் என்பது. மூன்றாவது பத்தி முதல் வருடம் காலியாகவே இருக்கும், பரவாயில்லை. வார்டுக்கு வந்ததும் நிரம்பும்.

உடலியங்கியலையும் உயிர்வேதியியலையும் மனப்பாடம் செய்து தாண்டிவிட்டால், மூன்றாம் வருடம் டயட் தெரபியில் மாட்டிக்கொள்வீர்கள். சிறுநீரகம் பொட்டாசியத்தை எப்படி வெளியேற்றுகிறது என்று புரிந்தவருக்கு, டயாலிசிஸ் நோயாளியிடம் இளநீர் வேண்டாம் என்று ஏன் சொல்கிறோம் என்பதை மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை.

6. நம் வீட்டுச் சாப்பாட்டை எடை போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பாடப்புத்தகத்தில் சப்பாத்தி இருக்கும், இட்லி இருக்கும், ஓட்ஸ் இருக்கும். நம் வார்டில் படுத்திருப்பவர் சாப்பிடுவது ராகி களி.

பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர் சர்க்கரை குறையாமல் அட்மிட் ஆகியிருந்தார். இன்டர்ன் பெண் கேட்டாள், "அம்மா, மத்தியானம் என்ன சாப்புடுவீங்க?" அவர் சொன்னார், "சக்கரைக்குக் களிதான் நல்லதுன்னாங்க கண்ணு. ரெண்டு உருண்டை." பெண் கேஸ் ஷீட்டில் எழுதினாள்: ராகி களி 2, மாவுச்சத்து 60 கிராம். ஒரு உருண்டைக்கு 30 என்று எங்கோ படித்திருக்கிறாள்.

நான் அந்த அம்மாவின் மருமகளிடம் கேட்டேன். வீட்டில் மாவு அளக்கும் டம்ளரை மறுநாள் கொண்டுவரச் சொல்லி, அதில் மாவைக் கொட்டி எடை போட்டோம். இரண்டு உருண்டைக்கு மாவு 200 கிராம். "நொய் போடுவீங்களா?" என்றேன். "நொய் இல்லாம களி கூடுமா?" என்றார் மருமகள். நொய், அதாவது உடைந்த அரிசி, 50 கிராம். இப்போது கணக்கைப் பாருங்கள்.

100 கிராம் ராகியில் மாவுச்சத்து சுமார் 67 கிராம், 321 கலோரி. பச்சரிசியில் சுமார் 78 கிராம், 356 கலோரி. ஆக 200 கிராம் ராகிக்கு 134, 50 கிராம் நொய்க்கு 39. மொத்தம் 173 கிராம் மாவுச்சத்து, சுமார் 820 கலோரி. இது ஒரே ஒரு வேளை. 60 என்று எழுதிய இடத்தில் 173. டாக்டர் அந்த 60ஐ நம்பி இன்சுலின் அளவை யோசித்தால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் தராசு இல்லாமல் வார்டுக்கு வந்ததில்லை.

ராகி நல்ல தானியம்தான். 100 கிராமில் 364 மில்லிகிராம் கால்சியம், அரிசியில் அது பத்து மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்தும் உண்டு. ஆனால் மாவுச்சத்தில் அரிசிக்கும் ராகிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "களிதானே" என்று இரண்டு உருண்டை போனால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நம் மாவட்டத்தில் மிக அதிகமாக நான் திருத்தும் நம்பிக்கை இது. அந்த அம்மாவிடம் களியை நிறுத்தச் சொல்லவில்லை. நொய் இல்லாமல் 75 கிராம் மாவில் ஒரே உருண்டை, கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. தொட்டுக்கொள்ளக் கீரை மசியல் தாராளமாக, கூடவே தட்டைப்பயறு குழம்போ முட்டையோ. மாவுச்சத்து களியில் 50 கிராமுக்கு வந்தது. வயிறும் நிறைந்தது.

உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். களி, கூழ், சாமைச் சோறு, கொள்ளு ரசம், அவரைக்கொட்டைக் குழம்பு, கம்பங்கூழ் என்று வாரம் இரண்டு. பச்சையாக எவ்வளவு, வெந்தபின் எவ்வளவு, ஒரு கரண்டிக்கு எவ்வளவு. மூன்று வீட்டில் எடை போட்டால் மூன்று அளவு வரும். மூன்றையும் எழுதுங்கள். இரண்டாம் வருடம் முடியும்போது ஐம்பது உணவு சேர்ந்துவிடும். அந்த நோட்டு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது.

7. நோயாளியிடம் கேட்கும் முறை

நேற்று முழுவதும் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுவதுதான் அடிப்படை. அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குறுக்கிடாமல் அவரே சொல்லட்டும். அடுத்து நேரம். அதற்கடுத்து அளவு, கரண்டியையும் டம்ளரையும் காட்டி. பிறகு விட்டுப்போனவை: டீ, பொரி, வெற்றிலையோடு போட்ட மிட்டாய், மாம்பழ சீசனில் தோட்டத்தில் நின்றபடியே தின்ற பழம். கடைசியாக எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். அளவை முதலிலேயே கேட்டால் பரீட்சை என்று நினைத்து, குறைத்துச் சொல்வார்கள்.

டீயை யாரும் சாப்பாடாகக் கணக்கில் வைப்பதில்லை. ஒரு நாளைக்கு 5 டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி. இதை அதட்டாமல் சொல்லுங்கள். "ஐயா", "அம்மா", "அக்கா" என்று கூப்பிட்டுப் பேசுங்கள். வயதானவர்களை "பேஷன்ட்" என்று அவர்கள் காதுபடச் சொல்லாதீர்கள்.

சொற்களில் கவனம். "கிட்னியில உப்பு ஏறியிருக்கு" என்று நோயாளி சொன்னால், பெரும்பாலும் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியா, கிரியேட்டினின் இரத்தத்தில் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதைத்தான் சொல்கிறார். அவர் சமையல் உப்பை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றதெல்லாம் அப்படியே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இன்டர்ன் பிள்ளைகளும் அதைச் சோடியம் என்றே எழுதிவிடுகிறார்கள். லேப் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் "உப்பு" என்ற சொல்லை எழுதக் கூடாது என்பது எங்கள் வார்டில் விதி.

சூடு, குளிர்ச்சி, பத்தியம் பேசுபவர்களோடு வாதாட வேண்டாம். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கீரை குளிர்ச்சி என்று மாமியார் தடுத்தால், அவர்கள் ஒத்துக்கொள்ளும் முருங்கைக்கீரையில் தொடங்குங்கள். முட்டைக்கு அடுத்த வாரம் போகலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் சரளமாகப் புழங்கும். அதே களி ஒரு வீட்டில் சங்கட்டி, இன்னொரு வீட்டில் முத்தே. நலம் விசாரிக்கவும், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்கவும் இரண்டு மொழியிலும் கற்றுக்கொள்ளுங்கள். முகமே மாறும்.

8. டயட் சார்ட் போடும் வரிசை

இதில் வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடும்.

முதலில் கேஸ் ஷீட்: என்ன நோய், என்ன மருந்து, லேப் எண்கள். அடுத்து உயரம், எடை. சமீபத்தில் எடை இறங்கியிருக்கிறதா என்பது. மூன்றாவது, மேலே சொன்ன நேற்றைய சாப்பாடு. நான்காவது, பிரச்சனையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ஐந்தாவதாகத்தான் கலோரியும் புரதமும். ஆறாவது, அவற்றை உணவாக மாற்றுவது. ஏழாவது, எப்போது, எதைப் பார்த்துச் சரிபார்ப்பேன் என்பது. புதியவர்கள் நேராக ஆறாவதுக்குப் போய்விடுகிறார்கள். "சுகர் டயட்" என்று அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார்கள்.

மருந்தைப் பார்ப்பதை ஏன் முதலில் வைத்தேன் என்றால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேகத்தை மாற்றும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போட வேண்டியது. அதோடு ராகிக் கஞ்சியையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. ஆனால் மருந்தின் அளவை மாற்றச் சொல்வது நம் வேலை இல்லை. டாக்டரிடம் குறிப்பாக எழுதுங்கள்.

சிறுநீரக நோயில் ஒரு பெரிய பிழை நடக்கிறது. டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதத்தைக் குறைக்கிறோம், எடைக்கு ஒரு கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் என்ற அளவில். டயாலிசிஸ் தொடங்கியவருக்கு அதைக் கூட்ட வேண்டும், 1.0 முதல் 1.2 கிராம். ஒவ்வொரு டயாலிசிஸிலும் புரதம் வெளியே போகிறது. "கிட்னி டயட்" என்று ஒரே தாளை இருவருக்கும் கொடுத்தால், இரண்டாமவர் ஆறு மாதத்தில் எலும்பும் தோலுமாக வருவார். பார்த்திருக்கிறேன். அந்த 50 கிலோ மனிதருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டியிருந்தது. கையில் இருந்த பழைய தாளைப் பார்த்து அவர் முட்டையைக்கூட விட்டிருந்தார்.

சார்ட்டில் எழுதும் பொருள் அவர் கைக்கு எட்டுவதாக இருக்கட்டும். தருமபுரி மாவட்டத்தில் 2023 முதல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ள முடிகிறது. ரேஷன் கார்டைக் கேட்டுவிட்டு ராகி எழுதுங்கள். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், பிராக்கோலி எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார், திரும்பப் பிரித்துப் பார்க்கவே மாட்டார்.

9. இன்டர்ன்ஷிப்: சான்றிதழில் என்ன இருக்க வேண்டும்

என் அனுபவத்தைச் சொல்கிறேன். படிப்பு முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தேன். கடைசியில் கொடுத்த சான்றிதழில் "பயிற்சி பெற்றார்" என்று ஒரு வரிதான். தொடங்கிய தேதி இல்லை, முடிந்த தேதி இல்லை, யார் மேற்பார்வை என்பதும் இல்லை. அது செல்லாமல் போனது. மறுபடி எழுதித் தரக் கேட்டபோது என்னைப் பயிற்றுவித்தவர் அங்கிருந்து போய்விட்டிருந்தார். முழுப் பயிற்சியையும் வேறு இடத்தில் முதலிலிருந்து செய்தேன்.

ஆகவே சேரும் நாளிலேயே கேளுங்கள். மேற்பார்வை பார்ப்பவர் பதிவு பெற்ற டயட்டீஷியனா (11ஆம் எண்ணில் வரும் தேர்வில் தேறியவரா), அவருடைய பதிவு எண் என்ன? சான்றிதழில் தேதிகள், எந்தெந்த வார்டு, அவர் கையெழுத்து, பதிவு எண், மருத்துவமனை முத்திரை எல்லாம் வருமா? எத்தனை படுக்கை, ஐ.சி.யூ., டயாலிசிஸ் உண்டா? சமையலறையில் மட்டும் நிற்க வைக்கும் இடமாக இருந்தால் வேண்டாம்.

தினமும் ஒரு கேஸை முழுதாக எழுதுங்கள், நோயாளி பெயர் இல்லாமல். போட்டோ எடுக்காதீர்கள், நண்பர்கள் குழுவில் போடாதீர்கள். அவர்கள் நம்மை நம்பித் தங்கள் வீட்டு அடுப்படிக் கதையைச் சொல்கிறார்கள்.

ட்யூப் வழி உணவு கற்றுக்கொள்ளும்போது அவசரம் கூடாது. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே முழுக் கலோரி கொடுத்தால் பாஸ்பரஸ், பொட்டாசியம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். குறைவாகத் தொடங்கி, லேப் பார்த்து ஏற்ற வேண்டும்.

10. ஊருக்குள் போகும்போது

சமூக ஊட்டச்சத்துப் பாடத்துக்கு அங்கன்வாடி போவீர்கள். குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் தீவிர ஊட்டச்சத்துக் குறைவு. 11.5 முதல் 12.5 வரை மிதமானது. டேப்பை இறுக்கினால் 12 என்பது 11.4 ஆகிவிடும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுப்புள்ளியைக் குறித்து, கை தொங்கிய நிலையில், தோலைத் தொட்டும் தொடாமலும் அளக்க வேண்டும். பத்துக் குழந்தையை இரண்டு முறை அளந்து, இரண்டு அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகும்வரை கணக்கில் சேர்க்காதீர்கள்.

நம் இரண்டு மாவட்டத்துக்கும் உரிய ஒரு கேள்வியை வெளியூர்க் கேள்வித்தாள்கள் கேட்பதில்லை: சமைக்க எந்தத் தண்ணீர்? இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, மூட்டு வலி, வளைந்த கால் எல்லாம் அதனால் வரக்கூடியவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகும், குடிக்கக் குழாய்த் தண்ணீர், சோறு பொங்கப் போர் தண்ணீர் என்று வைத்திருக்கும் வீடுகள் உண்டு. களிக்கு ஊற்றும் தண்ணீர் மாவைவிட அதிகம் என்பதை நினைத்துப் பாருங்கள். கால்சியமும் வைட்டமின் சியும் பேசும் முன் தண்ணீரை விசாரியுங்கள்.

கர்ப்பிணிகளிடம் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறார்களா என்று மட்டும் கேட்காதீர்கள், எதோடு சாப்பிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். டீயோடு விழுங்கினால் உடம்பில் சேர்வது வெகுவாகக் குறையும். கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் போடக் கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்லது.

சிறுதானியத்தில் உணவுப் பொருள் செய்யும் ஆர்வம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சிகளை விசாரியுங்கள். நம் விவசாயிகளும் மகளிர் குழுக்களும் அங்கே வருவார்கள். வகுப்பில் கிடைக்காத அறிமுகம் அது.

11. எம்.எஸ்சி., பிறகு ஆர்.டி. தேர்வு

பி.எஸ்சி. மட்டும் முடித்தவருக்குச் சிறிய கிளினிக்கில் வேலை கிடைக்கலாம். பெரிய மருத்துவமனைகள் எம்.எஸ்சி. கேட்கின்றன, கூடவே இந்தியன் டயட்டெட்டிக் அசோசியேஷன் நடத்தும் பதிவு டயட்டீஷியன் தேர்வில் தேர்ச்சியும். பேச்சு வழக்கில் ஆர்.டி. தேர்வு. அதற்கு முதுகலைப் படிப்பும் மருத்துவமனை இன்டர்ன்ஷிப்பும் வேண்டும். எத்தனை மாதம், எந்தப் பட்டம் என்ற விதி அவ்வப்போது மாறும். எம்.எஸ்சி.யில் சேரும் முன் அந்த வருடத்து அறிவிப்பைப் படித்துவிட்டு, அதற்குப் பொருந்தும் படிப்பில் சேருங்கள். சேர்ந்தபிறகு படிப்பவர்கள்தான் அதிகம்.

தேர்வுக்குப் படிக்க ஆறு மாதம் ஒதுக்குங்கள். 8ஆம் எண்ணில் சொன்ன வரிசையில் கேஸ் எழுதிப் பழகியவருக்குப் பாதிப் பாடம் கையில் இருக்கும்.

12. முதல் வேலை

நம் பக்கத்து மருத்துவமனைகளில் முதல் சம்பளம் குறைவுதான். அதை முன்பே வீட்டில் சொல்லிவைத்துவிடுங்கள். ஒப்பந்தப் பணிகளுக்கு மாவட்ட நலவாழ்வுச் சங்க அறிவிப்புகள் மாவட்ட இணையதளத்தில் வரும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது பட்டத்தோடு அந்த எடை நோட்டையும் எடுத்துப் போங்கள். நாங்கள் ஆள் எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்போம்: "மாரண்டஹள்ளியிலிருந்து 55 வயது விவசாயி, சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது, நாளைக்குக் காலையில் என்ன சாப்பிடலாம், எவ்வளவு?" பதிலில் கிராமும் கரண்டியும் வந்தால் உட்காரச் சொல்லி மேலே பேசுவோம்.

சத்து மாவு டப்பா விற்கும் கம்பெனிகள் வேலை என்ற பெயரில் கூப்பிடுவார்கள். ஆள் சேர்த்தால் கமிஷன், உங்களுக்கு "கோச்" என்று பட்டம். தயவுசெய்து போகாதீர்கள். ஒரு டப்பா விலைக்கு ஒரு குடும்பம் மாதம் முழுவதும் முட்டையும் பயறும் வாங்கிவிடும். நீங்கள் எழுதிய தாளை நம்பி ஒரு கூலிக்காரர் அந்தப் பணத்தைக் கொடுப்பார்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் சமையலறைக்குப் போய்க் கரண்டிகளை எடை போடுங்கள். ஒரு கரண்டி சோறு, ஒரு கரண்டி சாம்பார், ஒரு கரண்டி கூட்டு எவ்வளவு என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பரிமாறும் அக்காவிடம் அதைக் காட்டி, "இந்தக் கட்டிலுக்கு ஒன்னரைக் கரண்டிதான் அக்கா" என்று சொல்லிப் பழகுங்கள். அதன்பிறகு வார்டுக்குப் போய் முதல் கேஸ் ஷீட்டைத் திறக்கலாம்.